பாய் டாக்டரின் வாசல் பல்பு

டாக்டர் யூசுப் அலியை நல்லவர் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரராக அவரோடு காலம் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். விழுப்புரத்தில் அவருடைய ஆஸ்பத்திரிக்கும் என் அச்சாபீசுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் எதையாவது கண்டுபிடிப்பார். இந்தப் பக்கம் என் மிஷின் நின்றுபோகும்.

கோட்டக்குப்பத்து வியாபாரக் குடும்பம் அவருடையது. அப்பா சிக்கந்தர் பாட்சா, மகனைக் கப்பலேற்றி வியாபாரத்துக்கு அனுப்ப நினைத்தார். மகனோ மதராசுக்குப் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, ஒரு பையில் ஸ்டெதாஸ்கோப்பும் இன்னொரு பையில் ஸ்க்ரூ டிரைவருமாக விழுப்புரத்தில் வந்து இறங்கினார். இரண்டில் எதன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று அவர் மனைவி சாரா பீவிக்கே தெரியாது. காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மத்தியானத்தில் ரேடியோ, மின்விசிறி, கையில் எது அகப்பட்டாலும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை ஸ்டெதாஸ்கோப்பின் நுனியில் ஒரு மைக்கைக் கட்டி, அதைப் பழைய வால்வு ரேடியோவோடு சேர்த்து, நோயாளியின் இதயத் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வழி செய்தார். தெருவுக்கே கேட்டது. தலைவலி என்று வந்த ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாவின் இதயம் நிதானமாகத்தான் தட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் உள்ளே நுழைந்தாள். தட்டல் ஓட்டமெடுத்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் பெண்சாதி அதை ஒரு துடிப்பு விடாமல் கேட்டாள். அதற்கப்புறம் அந்த மனுஷர் சாதாரணக் காய்ச்சலுக்குக்கூடத் திண்டிவனம் போய்த்தான் மருந்து வாங்கினார்.

ஐம்பத்தைந்தில் எக்ஸ்ரே மிஷின் வந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயம். ஊருக்குப் போகிற ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் நம்மவர் அதை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, கண்டமங்கலம் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். வளவனூரில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கரும்பு பிழிகிற புது மிஷின் என்று நினைத்து இரண்டு பேர் வாடகை கேட்டார்களாம்.

மிஷினில் எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. அவர் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்ல, நான் “நெஞ்சு”, “இடுப்பு”, “கை கால்”, “தொடாதே” என்று தமிழில் அச்சடித்துக் கொடுத்தேன். ஒட்டினார். படம் கழுவ இருட்டறை வேண்டுமே? சாரா பீவியின் சமையலறை இருட்டறையாயிற்று. பகலில் அங்கே கூரை இடுக்கில் வெளிச்சம் கசியும் என்பதால், விளக்கு வைத்த பிறகுதான் படம் எடுப்பார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த கரண்டு நோஞ்சான் கரண்டு. பாய் சுவிட்சை அழுத்தினால் அந்த மிஷின் தெருவின் கரண்டு மொத்தத்தையும் உறிஞ்சிவிடும். தெரு விளக்கு, கடை விளக்கு, என் அச்சாபீஸ் விளக்கு எல்லாம் மங்கும். என் மிஷின் முனகி நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் கறுப்பாகவும் பெண் பெயர் சாம்பலாகவும் விழும். சுவரைத் தட்டுவேன். “முடிஞ்சுது வேங்கடேசன், முடிஞ்சுது!” என்று அங்கிருந்து குரல் வரும். முடிந்திருக்காது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் தாங்களாகவே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். விளக்கு எவ்வளவு நேரம் மங்குகிறதோ, உள்ளே அவ்வளவு பெரிய வியாதி. மிஷின் வியாதியைத் தேடுகிறது. வியாதி பெரிதாக இருந்தால் தேடக் கரண்டு அதிகம் செலவாகிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருந்ததால் ஒருவரும் டாக்டரைக் கேட்கவில்லை.

அந்தச் சாஸ்திரத்துக்கு முத்திரை குத்தியவர் வளவனூர் பெரியதம்பி. நிலபுலன்காரர். வண்டியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. ஆளோ இரண்டு ஆள் கனம். அந்த இடுப்புக்குள் கதிர் புகுந்து வெளியே வர நேரமெடுத்தது. தெரு மங்கியது, மங்கியது, மங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் முகையூரிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். பெரியதம்பி பாயில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாஸ்திரம் பொய்யாகிவிடுமா? “அவ்ளோ பெரிய சீக்கையும் பாய் டாக்டரு மிஷினு உறிஞ்சி எடுத்துடுச்சி” என்று பேசிக்கொண்டார்கள்.

நாங்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த அந்த விஷயம், பாஞ்சாலி வந்த நாளிலிருந்து சிரிப்பாக இல்லை.

பாஞ்சாலி திண்டிவனத்துப் பெண். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்த நடராசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கையில் தவழ்கிற பெண் குழந்தை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற பருவத்தில் பிடித்த இருமல் அவளை விடவில்லை. மாமியார் குப்பம்மாள் அவளை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். கெட்ட மனுஷி இல்லை. மூத்த மகனைக் காச நோய்க்குக் கொடுத்தவள். 

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. பெரியவனை இந்த இருமல்தான் வாரிக்கினு போச்சு. இவளுக்கும் அதுதான்னா, ஆத்தா வூட்டுக்குப் போவட்டும். கொழந்த எங்கிட்ட இருக்கட்டும்” என்றாள் குப்பம்மாள். பாஞ்சாலி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருமலை அடக்கிப் பார்த்து முடியாமல் இருமினாள்.

“படம் எடுத்தா தெரிஞ்சுடும்மா” என்றார் டாக்டர்.

“நீங்க எடுங்க. நான் வெளிய நின்னுக்கினு லைட்ட பாத்துக்கறேன்.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பென்சிலை எடுத்துப் படம் போட்டே விளக்கினார். நெஞ்சில் இருப்பது காற்று, அதைத் தாண்டிப் போகக் கொஞ்சம் கரண்டு போதும். இடுப்பில் சதையும் எலும்பும், அதற்கு நிறைய வேண்டும். வியாதிக்கும் விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குப்பம்மாள் தலையாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லா புரியுதுங்க. அப்ப நான் லைட்டுகிட்ட போய் நிக்கறேன்.”

நான் டாக்டரைத் தனியாக அழைத்து, “நெஞ்சுப் படந்தானே பாய்? விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டிட்டுப் போயிடும். கெழவி சொல்றதே சரின்னு வச்சிக்கினா நமக்கு லாபந்தானே?” என்றேன்.

“இன்னிக்கு விளக்கு நமக்குச் சாதகமா பேசும். நாளைக்கு மாத்திப் பேசினா என்ன பண்ணுவீங்க?” என்று முறைத்தார்.

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சுவிட்சை அழுத்திய அதே நொடியில், பின்தெரு நெல் மில்லில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். கம்பத்தில் பியூஸ் வெடித்தது. தெரு முழுக்கக் கும்மிருட்டு. இருட்டுக்குள் குப்பம்மாள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

அதிர்ஷ்டவசமாகப் படம் விழுந்திருந்தது. காலையில் டாக்டர் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார். சுத்தமான நெஞ்சு. குப்பம்மாள் உற்றுப் பார்த்தாள்.

“நுரையீரல் பூரா கறுத்துப் போயிருக்குதே!”

“காத்து இருந்தா கறுப்பாத்தாம்மா தெரியும். கறுப்பா இருந்தா நல்லது.”

“நீங்க நல்லவருங்க. என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பாஞ்சாலி ஒரு டிரங்குப் பெட்டியோடு திண்டிவனத்துக்கு ரயிலேறினாள். அந்த ரயிலுக்கு வழி திருப்பிவிட்டவன் அவள் புருஷன்தான். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அவனுக்கு வாய் இல்லை. எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முன்பே எடுத்து வைத்திருந்த பாஞ்சாலியின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில், இருமல் மல்லாட்டைத் தூசியையெல்லாம் சாக்காக வைத்துக்கொண்டு வந்த ஈஸ்னோபீலியா என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை தின்றால் போகிற சங்கதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திண்டிவனத்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து நோயாளி பார்ப்பார். பாஞ்சாலி அங்கே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டாள். இருமல் நின்றது. ஆனால் அவள் வரும்போதெல்லாம் கேட்டது இருமலைப் பற்றியல்ல.

“கொழந்த நடக்குதுங்களா, டாக்டரய்யா?”

அவருக்கு எப்படித் தெரியும்? அதற்காகவே திங்கட்கிழமை காலையில் குப்பம்மாள் வீட்டு வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சுவரைப் பிடிச்சுக்கினு நடக்குதும்மா” என்று சொன்னாராம். அவள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்கு வீட்டில் சோறு வேண்டாமென்று எழுந்துவிட்டார். சாரா பீவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பத்திரிகைகளைக் கெடுத்ததையெல்லாம் நான் அந்த ஒரு காரியத்துக்காக மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வெறி. விளக்கு மங்கவே கூடாது. மங்கினால்தானே இந்த வம்பு?

வழி நாடகக் கொட்டகையிலிருந்து கிடைத்தது. ஊரில் முகாமிட்டிருந்த நாடகக் கம்பெனியின் ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று பார்க்கப் போனவர், மேடையில் நிலா மெல்ல மெல்ல உதிப்பதைப் பார்த்தார். பின்னால் ஒரு பீப்பாய் உப்புத் தண்ணீர். அதில் இரண்டு இரும்புத் தகடு. தகட்டை இறக்க இறக்கக் கரண்டு அதிகம் பாயும். தூக்கத் தூக்கக் குறையும். ராஜபார்ட்டின் தொண்டையை மறந்துவிட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

ஒரு மாட்டு வண்டி மரக்காணத்து உப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியது. ஊறுகாய் வியாபாரமா என்று கேட்டேன். பீப்பாயைக் காட்டினார். படம் எடுப்பதற்கு வெகு முன்பே தகட்டைத் துளித்துளியாக இறக்குவார். தெரு விளக்கு மங்கும். ஆனால் அத்தனை மெதுவாக மங்கினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. படம் எடுக்கும் நொடியில் ஒரு சுவிட்ச் பீப்பாயை விட்டுவிட்டு அதே கரண்டை மிஷினுக்குத் திருப்பும். முடிந்ததும் பழையபடி பீப்பாய். விளக்கில் ஒரு அசைவும் இருக்காது. பீப்பாய் கொதித்து ஆஸ்பத்திரி முழுக்க ஆவி பறந்ததே தவிர, மற்றபடி அது வேலை செய்தது. என் அச்சு மிஷின் முதல்முறையாக நிற்காமல் ஓடியது. நான் உண்மையாகவே கை தட்டினேன்.

பாஞ்சாலி வரவழைக்கப்பட்டாள். குப்பம்மாள் கம்பத்தடியில் நின்றாள். டாக்டர் படம் எடுத்தார். விளக்கு இமைக்கவில்லை. டாக்டர் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏங்க, எப்ப எடுக்கப் போறீங்க?” என்றாள் குப்பம்மாள்.

“எடுத்தாச்சும்மா! பாத்தீங்களா, லைட்டு மங்கவே இல்லையே!”

“மங்கலன்னா மிஷினு ஓடலன்னுதானே அர்த்தம்? சோறு துன்னாத மாடு எப்பிடிங்க ஏர் உழும்?”

கழுவி எடுத்த படத்தைக் காட்டினார். “பழைய படத்தையே காட்றீங்க” என்றாள். பாஞ்சாலி குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மறுபடி ரயிலேறினாள். ஊருக்குள்ளும் பேச்சு பரவிவிட்டது. பாய் டாக்டர் மிஷின் செத்துப்போச்சு. படம் எடுக்க வந்தவர்கள் கடலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

“என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கினேன் வேங்கடேசன்” என்று பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அந்த மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இருட்டறையிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, சாரா பீவியின் குரல் வந்தது. “அவங்களுக்கு லைட்டு மங்கணும். மங்க வச்சுட்டுப் போங்களேன்.”

“அது பொய்.”

“வெறுந்தண்ணியில செவப்பு கலந்து மிக்ஸ்சர்னு கொடுக்கறீங்களே, அது மட்டும் இன்னா?”

 அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிவப்பு பல்பு முளைத்தது. அதன் கம்பி சுவரோரமாக வந்து மேஜைக்கு அடியில் ஒரு சின்ன உப்புத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கியது. சட்டிக்குப் பக்கத்தில் பழைய தையல் மிஷினிலிருந்து கழற்றிய ஒரு பெடல். காலால் அழுத்தினால் சட்டிக்குள் தகடு மேலே எழும்பி, வாசல் பல்பு மட்டும் மங்கும். எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு நேரம். சட்டியின் ரகசியம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊருக்குச் சொன்னது, மிஷினுக்குப் புது உயிர் வந்திருக்கிறது, இனிமேல் தெரு விளக்கைப் பார்க்க வேண்டாம், வாசல் பல்பைப் பார்த்தால் போதும் என்பதுதான்.

குப்பம்மாள் லேசுப்பட்டவளா? பாஞ்சாலியை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, “மொதல்ல என்னை எடுங்க. நான் கல்லு மாதிரி இருக்கறேன். என்னை எடுத்தா பல்பு அசையக் கூடாது. அசைஞ்சா மிஷினு பேஜாரு” என்றாள்.

“கல்லு மாதிரி இருந்தா முழங்காலைப் புடிச்சுக்கினு ஏன் நடக்கறீங்க?”

“அது வயசுங்க.”

“அந்த முழங்காலையே எடுக்கறேன்” என்றார்.

குப்பம்மாள் மேஜைமேல் காலை நீட்டி உட்கார்ந்து, வாசல் பல்பை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். டாக்டர் சுவிட்சை அழுத்தினார். பல்பு மங்கியது. மங்கி, சிவந்த ஒரு கம்பி இழையாகச் சுருங்கி, அப்படியே நின்றது. குப்பம்மாளின் முகமும் கூடவே சுருங்கியது. எனக்கே பயமாகிவிட்டது. ஒருவழியாகப் பல்பு திரும்ப எரிந்தபோது அவள் மேஜையை விட்டு இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து பாஞ்சாலி. பலகையில் மார்பை ஒட்டி நின்று மூச்சைப் பிடித்தாள். டாக்டர் மேஜையோரம் கோணலாக நின்றார். பல்பு ஒரே ஒரு முறை இமைத்தது. அவ்வளவுதான்.

குப்பம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். கடைசியில், “பாஞ்சாலி, உன் பொட்டி எங்க?” என்றாள்.

“திண்டிவனத்துலங்க, அத்தை.”

“ஜல்தியா போய் எடுத்துக்கினு வா. இம்மாம் பெரிய சீக்கை உள்ள வச்சிக்கினு நான் ஒண்டியா எப்பிடிடி கொழந்தயைத் தூக்கறது?”

பாட்டியோடு வந்திருந்த குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. பாஞ்சாலி தரையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அது சுவரைப் பிடிக்காமல் தானாக நடந்து வந்து அவள் மடியில் விழுந்தபோது, டாக்டர் ஏதோ மறந்துவிட்டவர்போல இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, “கெழவிக்கு அவ்ளோ நேரம் அழுத்தலாமா பாய்?” என்று கேட்டேன்.

“அந்த முழங்கால் சைஸைப் பாத்தீங்களா? நியாயமான நேரந்தான்” என்றார்.

வாசல் பல்புக்கு வந்த பேர் டாக்டருக்கு வரவில்லை. அவரும் அதைப் பொய் என்று சொல்வதை விட்டுவிட்டார். படுத்து ஓய்வெடு என்றால் கேட்காத விவசாயிக்குப் பெடலை நன்றாக மிதிப்பார். அவன் மறுநாளே படுத்துவிடுவான். ஒன்றுமில்லாததற்குப் பயந்து சாகிறவர்களுக்கு லேசான ஒரு இமைப்பு, துள்ளிக்கொண்டு போவார்கள். கையால் எழுதிய மருந்தைவிடக் காலால் கொடுத்த மருந்துதான் நன்றாக வேலை செய்தது.

பாஞ்சாலி கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாகச் சேர்ந்தாள். பெருக்க வந்தவள் படம் கழுவக் கற்றாள். பிறகு சுவிட்சைப் போடவும் கற்றாள். பெடலை மட்டும் டாக்டர் யார் கண்ணிலும் காட்டவில்லை. அது எப்போதும் அவருடைய காலடியில்தான் இருக்கும்.

அறுபத்தேழில் டாக்டர் இரும ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவர், தனக்கு எடுக்கச் சொன்னால், “தூசி, வேங்கடேசன், உங்க அச்சாபீஸ் மைதான் காரணம்” என்று என்மேல் பழி போட்டார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சாரா பீவி கெஞ்சிப் பார்த்தாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் பாஞ்சாலி வந்து நின்று, “சட்டையைக் கழட்டிட்டு வந்து நில்லுங்க, டாக்டரய்யா” என்றாள். அவளுடைய மாமியார் குரலே அப்படியே இருந்தது. டாக்டர் எழுந்து போய் நின்றார்.

மோவாயைப் பலகைமேல் வைத்துக்கொண்டார். எலும்பை எண்ணும்படி இருந்தது அந்த முதுகு.

“மூச்சை இழுங்க. புடிங்க” என்றாள் பாஞ்சாலி.

அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சட்டியைத் தன் கையாலேயே செய்தவர், கம்பியைத் தானே இழுத்தவர், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மெல்ல வாசல் பக்கம் திருப்பினார்.

பல்பு ஒரு முறை இமைத்தது. அவ்வளவுதான்.

டாக்டர் மூச்சை விட்டார். பிறகு சட்டென்று திரும்பி மேஜைக்கு அடியில் பார்த்தார். பாஞ்சாலியின் கால் பெடல் மேல் இருந்தது.

“உனக்கு இது எப்போ தெரியும்?”

“அன்னிக்கே தெரியுங்க. ஒரு காலை மட்டும் கோணலா வச்சிக்கினு நின்னீங்களே.”

“இப்போ எவ்ளோ அழுத்தின?”

“அன்னிக்கு நீங்க எனக்கு அழுத்தின அளவுதாங்க.”

 படம் கழுவிக் காய இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.